வாத்து எங்கே என்று கேட்டவர்

என் தம்பி தர்மன் ஏழு வயதில் மஞ்சள் காமாலையை ஜெயித்தான். தில்லிக் குளிரை ஒரே ஸ்வெட்டரில் மூன்று வருஷம் ஜெயித்தான். இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தவரை ஒரு விசிலை வைத்து ஜெயித்தான். இந்தக் கடைசி விஷயத்தை அவனிடம் நாலு தரம் விசாரித்த பிறகே எழுதுகிறேன்.

அவன் பள்ளிக்கூடம் போனதில்லை. 1975-இல் லோதி ரோட்டில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தான். ஊருக்கு வெளியே ஒரு சர்க்கார் பறவை ஏரியில் தினக்கூலி வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அங்கே யாரும் சுடக்கூடாது. ஆனாலும் ஒரு காண்ட்ராக்டர் ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் வந்து செந்தலை வாத்துகளைச் சுடுவார். அவை முங்கி இரை தேடுகிறவை. அடிபட்டாலும் முங்கிப் போய்க் கோரைக்குள் ஒளிந்துகொள்ளும். தர்மன் விசில் ஊதினால் ரேஞ்சர் சைக்கிளில் வருவார். "வாத்து எங்கே?" என்பார் காண்ட்ராக்டர். ஏரியில் குமிழிகூட இருக்காது. ரேஞ்சர் போனபின் ஜீப்பில் கட்டியிருக்கும் தன் நாயை அவிழ்த்துவிட்டு வாத்தை எடுத்துக்கொள்வார்.

இரண்டு தரம் இப்படி ஆயிற்று. மூன்றாம் தரமும் வெறுங்கையோடு நின்றால் வேலை கிடையாது என்று ரேஞ்சர் சொல்லிவிட்டார்.

மூன்றாம் தரம் சுட்டதும் தர்மன் ஊதினான். ரேஞ்சர் வந்து நின்றார். நாய் கட்டை அறுத்துக்கொண்டு ஏரியில் பாய்ந்தது. வாத்தைக் கவ்விக்கொண்டு கரையேறி, எஜமானரைத் தாண்டிப் போய்த் தர்மன் காலடியில் போட்டுவிட்டு அவன் டிபன் டப்பாவைப் பார்த்தது. நான் கட்டிக் கொடுத்த தோசையை இரண்டு வாரமாக அதற்குப் போட்டிருக்கிறான்.

"நாய்க்காடா சுட்டுத் தந்தேன்?" என்று பிற்பாடு கேட்டேன்.

"பாவம் அக்கா, வண்டியிலேயே கட்டிக் கெடக்கு. மொளகாப்பொடியைத் தட்டிட்டுத்தான் போட்டேன்."

அது தன் நாயே இல்லை என்று காண்ட்ராக்டர் சாதித்தார். நாய் போய் அவர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ரேஞ்சர், தர்மன் வேலைக்கு இனி பயமில்லை என்று சொல்லி, பறிமுதல் காகிதம் எழுதி, மைப்பெட்டியை நீட்டினார். காண்ட்ராக்டர் சிரித்தார்.

"கைநாட்டு சாட்சியை எந்தக் கோர்ட் நம்பும், பையா?"

தர்மன் பேனா கேட்டான். டப்பா மூடியில் ஊர்ப் பாத்திரக்கடைக்காரர் வெட்டித் தந்த தன் பெயரைப் பார்த்து, பத்து நிமிஷம் எழுதினான். கூடவே வெட்டியிருந்த, டப்பா வாங்கிய தேதியையும் விடாமல் எழுதினான். ரேஞ்சருக்குத் தமிழ் தெரியாது, எண் தெரியும். வேலைக்குச் சேருமுன்பே வாத்தைப் பிடித்துவிட்டாயா என்று கேட்டு, அந்தத் தேதியை அடித்துவிட்டுச் சரியானதைப் போடச் சொன்னார்: 22-1-1978.