துண்டு வாங்காமல் கொடுத்த காசு

யுத்த காலத்தில், எங்கள் ஊரான ஓலைத்தொடுவாயில் மீன்பிடித்து வந்த என் கணவரை, படகு இயந்திரம் திருடினார் என்று தீர்ப்பளித்துச் சிறையில், மறியலில் போட்டார்கள். அவர் திருடவில்லை. மேன்முறையீடு செய்யப் பதினான்கு நாட்களே இருந்தன.

நீதிமன்ற வாசலில் ஒருவர், "நான் உங்கடை வழக்குப் பேசின சட்டத்தரணி அம்மாவின்ரை கிளாக்கர். காசைத் தாங்கோ, அப்பீலை நான் போடுவிக்கிறன்" என்றார். சோதனைச்சாவடிகளைத் தாண்டி அடிக்கடி நகரத்துக்கு வர முடியாததால் அவரை நம்பினேன். என் தோடுகளை விற்றுக் கொடுத்தேன்.

மறியலில் கணவரிடம் சொன்னபோது, "துண்டு தந்தவரோ?" என்று கேட்டார். பற்றுச்சீட்டு எதுவும் தரவில்லையென்று அழுதேன்.

"அழாதையும். தோடில்லாமலும் நீர் வடிவுதான். நாளைக்குச் சட்டத்தரணியை நேரே போய்ப் பாரும்."

போனேன். சட்டத்தரணி அம்மாவிடம் அப்படியொரு கிளாக்கரே இல்லை. மேன்முறையீட்டுத் தவணை முடிய இரண்டு நாட்கள்தான் இருந்தன. "காசைப் பிறகு பாப்பம், பிள்ளை. முதல்லை அப்பீலுக்கு அவரின்ரை கையெழுத்தை வாங்குவம்" என்று உடனே எழுந்தார். மேன்முறையீட்டில் கணவர் விடுதலையானார். கட்டணத்தைச் சிறுகச் சிறுகக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டுத் தந்தார்.

இப்போது ஊரில் யாருக்கு வழக்கென்றாலும் நானே சட்டத்தரணியிடம் நேரில் கூட்டிப்போகிறேன். பற்றுச்சீட்டு வாங்காமல் காசு கொடுக்க விடமாட்டேன். "அவ சொல்லுறதைக் கேளுங்கோ, என்னை வெளியிலை எடுத்தவ" என்பார் இவர், பெருமையோடு.