ஆறாயிரத்தைத் தாண்டாத கார்

அந்த மெக்கானிக்கை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். ஆனால் ஒரு பழைய பந்தயக் கார் அவர் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. ஷெட்டில் நிறுத்தி முறுக்கினால் சமர்த்தாக உறுமும். ரோட்டில் இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர் முள் ஆறாயிரத்தைத் தொட்டதும் திக்கித் திணறும். இக்னிஷன் காயில், ஒயர், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் மாற்றியும் மசியவில்லை.

"ஸ்பார்க் ப்ளக்கைப் பார்த்தீங்களா?" என்றாள் கடைக் கணக்கைப் பார்க்கும் மனைவி.

"போன மாசம் நான் போட்டது. அதை எதுக்குப் பார்க்கணும்?" என்று எரிந்து விழுந்தார்.

ப்ளக் முனையின் இடைவெளியைக் கண்ணாலேயே மட்டம் பார்த்து வைப்பது அவர் வழக்கம். அவள் இடைவெளி அளக்கும் தகட்டை எடுத்து நீட்டினாள். வேண்டாவெறுப்பாக அளந்தார். நாலு ப்ளக்கிலும் இடைவெளி கூடுதல். சாதாரணக் கார் பொறுத்துக்கொள்ளும். ரோட்டில் பாரத்தோடு இந்த வேகத்தில் ஓடும்போது தீப்பொறி அந்த இடைவெளியைத் தாண்டவில்லை.

சரிசெய்து ஓட்டியதும் முள் ஏழாயிரத்துக்கு வழுக்கிக்கொண்டு போனது.

சாயங்காலம் கார்க்காரர் வந்தார். "என்னண்ணே கோளாறு?"

"ப்ளக் போட்டவன் முட்டாப்பய. அளக்காமலே மாட்டியிருக்கான்."

கார்க்காரர் விழித்தார். "போட்டது நீங்கதானே?"

"அவனைத்தான் சொல்றேன்."