நான் சுருக்கிய படம்

கிள்ளானில் குழந்தைகள் பராமரிப்பு மையம் நடத்தும் ஓர் அக்காவுக்கு நான் ஓர் இணையச் செயலி செய்து கொடுத்திருந்தேன். வேலைக்குப் போன பெற்றோர் பகலில் தங்கள் பிள்ளை என்ன செய்கிறது என்று கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் சாப்பிடுவது, தூங்குவது, சட்டையெல்லாம் சாயம் பூசிக்கொண்டு நிற்பது என்று அக்கா தன் டேப்லட்டில் படமெடுத்து ஏற்றிக்கொண்டே இருப்பார். ஒரு வருடத்தில் டேப்லட் நிறைந்துவிட்டது.

"என்னம்மா செய்றது, இதுல இடமே இல்லங்குது" என்று கூப்பிட்டார்.

"ஏத்தி முடிச்சதும் டேப்லட்ல அழிச்சிடுங்கக்கா. எல்லாம் என்கிட்ட சர்வர்ல பத்திரமா இருக்கும்" என்றேன்.

என்னை நம்பி அழித்தார்.

பிறகு பெற்றோரிடமிருந்து புகார் வரத் தொடங்கியது. பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது, ரயிலில் பார்த்தால் பாதிப் படம் வந்து நின்றுவிடுகிறது என்றார்கள். காரணம் எனக்கு உடனே தெரிந்தது. கைப்பேசித் திரையில் உள்ளங்கை அகலத்துக்குத் தெரியும் படத்துக்காக, சுவரில் ஒட்டும் அளவுக்குப் பெரிய கோப்பை நான் அனுப்பிக்கொண்டிருந்தேன். படங்களைச் சுருக்க வேண்டும். இந்தத் தொழிலில் அது சாதாரண வேலை. மூலப்படத்தை ஓரிடத்தில் அப்படியே வைத்துவிட்டு, சிறிய பிரதி ஒன்றை உருவாக்கிப் பக்கத்தில் காட்ட வேண்டும். முதல் வருடப் பயிற்சியாளருக்கும் தெரிந்த விஷயம் இது.

ஒரு சனிக்கிழமை மதியம் பிரிக்பீல்ட்ஸில், கடைவீட்டு மாடியில் இருக்கும் என் அலுவலகத்தில் அமர்ந்து அந்த வேலையைச் செய்தேன். மூலப்படங்களை வேறிடத்தில் பிரதி எடுத்துவைக்கும் நிரல் வரியையும் எழுதித்தான் இருந்தேன். ஓடவிட்டுப் பார்த்தேன், சாயங்காலம் வரை இழுக்கும் போலிருந்தது. தோழியோடு படம் பார்க்கப் போகவேண்டும். பிள்ளை தூங்கும் படத்தை யார் பெரிதாகக் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அந்த வரியை எடுத்துவிட்டு, மூலப்படங்களின் மேலேயே சிறிய படங்களை எழுதும்படி மாற்றி மறுபடி ஓடவிட்டேன். அரை மணி நேரத்தில் முடிந்தது. பக்கம் கண் இமைக்கும் நேரத்தில் திறந்தது. அக்கா போன் செய்து, "பேரண்ட்ஸ் எல்லாம் சூப்பர்னு சொல்றாங்கம்மா" என்றபோது பெருமையாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை, மையத்தில் பிள்ளையை விட்டிருந்த ஒரு தாய் என்னை அழைத்தாள். ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவள். என் எண்ணை அக்கா கொடுத்திருந்தார்.

"அக்கா, என் வீட்டுக்காரர் தவறிட்டார். பத்து நாள் ஆச்சு" என்றாள். குரல் தெளிவாகவே இருந்தது. "பதினாறாம் நாளுக்கு பிரேம் போடணும். சென்டர் ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்கு பாப்பாவ தோள்ல தூக்கிட்டுச் சிரிப்பார், அந்தப் படம். கடைல குடுத்தேன், பெருசாக்கினா மூஞ்சி தெரியலங்கிறாங்க. உங்ககிட்ட ஒரிஜினல் இருக்கும்னு சென்டர் அக்கா சொன்னாங்க."

அவர் லோரி ஓட்டுநர். வீட்டில் எப்போதும் படம் எடுக்கும் ஆள் அவர்தானாம், அதனால் அவர் எந்தப் படத்திலும் இல்லை. கல்யாணப் படத்தில் மட்டும் விறைப்பாக நிற்கிறார், அது அவர் மாதிரியே இல்லை என்றாள்.

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் படத்தைத் திறந்தேன். வேலைச் சட்டையோடு நேராக மைதானத்துக்கு வந்திருக்கிறார். மகளின் இரண்டு கால்களையும் மார்போடு பிடித்துக்கொண்டு வாய் திறந்து சிரிக்கிறார். சிறியதாகப் பார்க்கையில் நல்ல படம். பெரிதாக்கினேன். கண்ணும் பல்லும் மெழுகு உருகி வழிந்ததுபோல் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. சர்வர் நிறுவனம் ஒரு வாரத்துப் பழைய பிரதிகளைத்தான் வைத்திருக்கும். மூன்று மாதத்துக்கு முந்தையது எங்கும் இல்லை.

"இருக்காக்கா?" என்றாள்.

"அந்த டேப்லட் கேமரா அவ்வளவுதான்மா. வந்ததே சின்னப் படமாத்தான் வந்திருக்கு" என்றேன்.

"ஓகேக்கா, பரவால்ல லா" என்று வைத்துவிட்டாள்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. நாக்கில் தயாராக இருந்ததுபோல வந்தது. ஆனால் அதன் பிறகு யோசிக்க எனக்கு நிறைய நேரம் இருந்தது. ஏதாவது ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். பதினாறாம் நாளுக்கு முன்பே சொல்லியிருந்தால் அவள் கோபம் என்மேலேயே வந்திருக்கும். நான் கூப்பிடவில்லை.

மறு மாதம் அக்கா அழைத்தார். "நல்ல கேமரா உள்ள டேப்லட் எதும்மா வாங்கறது? அந்தப் பொண்ணு என்னை ரொம்பப் பேசிட்டா. பிள்ளைங்க படம் எடுக்கிறீங்க, ஒழுங்கா ஒரு கேமரா வெச்சிருக்கீங்களான்னு கேட்டா. பாப்பாவையும் நிறுத்திட்டா. பாவம், அவ நிலைமை அப்படி."

நான் வெட்கமில்லாமல் ஒரு டேப்லட்டின் பெயரைச் சொன்னேன்.

அதைப் பொருத்திக் கொடுக்க கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். பிள்ளைகள் மதியத் தூக்கத்தில் இருந்தார்கள். அக்கா பழைய டேப்லட்டை மேசைமேல் வைத்து, அன்று காலையில் எடுத்த ஒரு படத்தைக் காட்டினார். சோற்றுப் பருக்கை ஒட்டிய ஒரு பையனின் கன்னம். இரண்டு விரலால் விரித்தார். பருக்கை பருக்கையாகத் தெரிந்தது.

"இதுல எடுத்தது நல்லாத்தானே வருது? எனக்குப் புரியலம்மா. அன்னிக்கு மட்டும் நான் என்ன தப்பு பண்ணேன்?"

ரயிலில் வரும்போதுகூட மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்தக் கேள்விக்கு முன்னால் முடியவில்லை. "நீங்க ஒண்ணும் பண்ணலக்கா. நான்தான்" என்று தொடங்கி, மூலப்படங்களைப் பிரதி எடுக்காமல் விட்டதையும் அந்தத் தாயிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும், ஒரு குழந்தை புரண்டு படுத்தது.

அக்கா டேப்லட்டை அணைத்தார். "படம் போனது தெரியாம நடந்தது. ஆனா அவ என்னைத் திட்டினப்போ, நான் அவகிட்ட மன்னிப்பு கேட்டேன்மா. கண்ணு கலங்கிப் போய் கேட்டேன்" என்றார். எழுந்து குழந்தையின் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். "என் மூலமா சொல்லச் சொல்லாதே. நீயே போய்ச் சொல்லு."

அந்தத் தாயின் வீடு இரண்டு தெரு தள்ளி, அடுக்குமாடியில். அன்று அவளுக்கு விடுமுறை. கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம் நின்றே கேட்டாள். கூடத்தில் கல்யாணப் படத்திலிருந்து வெட்டியெடுத்த முகம் சட்டத்துக்குள் இருந்தது, விறைப்பாகவே. நான் சொல்லி முடித்ததும் அழுவாள் அல்லது திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்போ எல்லாருடைய படமும் இப்படித்தானாக்கா?"

"ஆமாம்மா. நான் சுருக்கின தேதிக்கு முன்னாடி எடுத்தது எல்லாமே."

"மத்தவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?"

சொல்லவில்லை என்றேன். அந்த எண்ணமே எனக்கு வந்திருக்கவில்லை.

"சொல்லிடுங்க. பெருசா இருக்குன்னு நம்பிட்டிருப்பாங்க, என்ன மாதிரி." கதவைச் சாத்தும் முன், "அந்த அக்காவ நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றாள். அதை என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் எல்லாப் பெற்றோருக்கும் எழுதினேன். தொழில்நுட்பக் கோளாறு என்று தொடங்கிய வரியை அழித்துவிட்டு, நான் செய்த தவறு என்று எழுதினேன். சிலர் கட்டைவிரல் உயர்த்தும் குறியை மட்டும் அனுப்பினார்கள். ஒரு தகப்பன் தன் மகனின் முதல் பிறந்தநாள் படங்களைக் கேட்டார், இல்லை என்று பதில் எழுத வேண்டியிருந்தது. பலர் ஒன்றுமே எழுதவில்லை.

அந்தத் தாய் ஒரு நாள் மையத்துக்கு வந்து அக்காவிடம் பேசிவிட்டுப் போனாளாம். ஆனால் பாப்பா திரும்பி வரவில்லை. தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே வேறு இடம் பார்த்துவிட்டாள். அக்கா என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. செயலியை இன்னும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஏதாவது மாற்றப் போகிறேன் என்று சொன்னால் மட்டும், "இதுல எதுவும் அழியாதில்லம்மா?" என்று கேட்கிறார். குத்திக்காட்டும் குரல் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறார், அவ்வளவுதான். ஒருமுறைகூட நான் உடனே பதில் சொல்வதில்லை. போய்ச் சரிபார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.