பத்துமலை சொருகிய வரிகள்

நாச்சியம்மை வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே பத்துமலைக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று.

மலேசியாவின் ஈப்போவில் அந்த ரப்பர் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறைக்கு அதுவரை அவன்தான் ராஜா. பீடோர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்காரி செல்லாயி பெற்ற பிள்ளை. மாலை வகுப்பில் கோபோல் என்ற கம்ப்யூட்டர் மொழி படித்து, தொழிலாளர் சம்பளப் புரோகிராமை வரி வரியாக எழுதியவன். "அண்ணே, கொஞ்சம் வாங்கலா" என்று அவனைக் கூப்பிடாத கிராணி, கணக்கெழுதும் ஆள், யாரும் இல்லை.

எண்பத்தேழில் மேனேஜர் சீனி நாச்சியம்மையைக் கொண்டுவந்தார். செட்டியார் வீட்டுப் பெண், லண்டன் படிப்பு. அவள் புரோகிராமே எழுதவில்லை. திரையில் பெட்டிகள் போட்டாள்: தோட்டம், தொழிலாளி, ஒருவர் வெட்டும் மரவரிசையான நிரை. எதற்கு எது எத்தனை என்று கோடு இழுத்து, முனையில் 'ஒன்று', 'பல' என்று குறித்தாள். பொத்தானைத் தட்டிவிட்டு மைலோ குடிக்கப் போனாள். வருவதற்குள் இயந்திரம் புரோகிராமை எழுதி வைத்திருந்தது.

"படம் வரையிற பிள்ளைக்கு இங்க என்ன வேலை?" என்றான் பத்துமலை.

சீனி சிரித்தார். "இத எழுத உனக்கு மூணு வருசம் ஆச்சு, பத்துமலை. அவளுக்கு மூணு வாரம்லா."



அவளுடைய புரோகிராமின் சோதனை ஓட்டத்தில் கணக்கு இடித்தது. வேலைக்கு வராதவரின் நிரையையும் சேர்த்து வெட்டியவர்களுக்கு ஒரு நிரைச் சம்பளம்தான் வந்திருந்தது. படத்தில் ஆளுக்கு ஒரு நிரை. இது இடிக்கும் என்று முதல் நாளே அவனுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. அவள் லீவில் இருந்த நாளில், இயந்திரம் எழுதிய புரோகிராமைத் திறந்து நடுவில் தன் வரிகளைச் சொருகினான். கணக்கு சரியாக வந்தது.

"பழைய ஆளு பழைய ஆளுதான்லா" என்று சீனி முதுகில் தட்டினார். அந்த வாரம் முழுக்கப் பத்துமலை நாச்சியம்மைக்கு முந்திக்கொண்டு வணக்கம் சொன்னான்.

பிறகு அவள் படத்தில் தீபாவளி முன்பணத்துக்கு ஒரு பெட்டி சேர்த்துப் பொத்தானைத் தட்டினாள். இயந்திரம் எல்லாவற்றையும் புதிதாக எழுதியது. பத்துமலையின் வரிகள் போன இடம் தெரியவில்லை. இந்தத் தடவை குறைந்த சம்பளம் தோட்டத்துக்கே போய்விட்டது. தொழிற்சங்கத்துக்காரர்கள் சீனியை டெலிபோனில் வறுத்தெடுத்தார்கள்.

"நீங்க சரி பண்ணீங்களாமே, எங்கண்ணே பண்ணீங்க?" என்று கேட்டாள் நாச்சியம்மை.

"புரோகிராம்லதான். வேற எங்க?"

அவள் திட்டியிருந்தால் தேவலை. "அதுல கை வச்சா நிக்காதுண்ணே. படத்துல போடுங்க" என்று தன் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தாள்.

கோட்டின் முனையில் 'ஒன்று' என்றிருந்ததை அவன் 'பல' என்று மாற்றினான். அவ்வளவுதான் வேலை. பொத்தானை அவளே தட்டினாள்.

இயந்திரம் எழுதியதை அச்சடித்துத் தாள் தாளாகப் புரட்டினான், ஒரு பிழையாவது அகப்படாதா என்று.

"சாப்பிடப் போலாமாண்ணே?"

"நீ போம்மா" என்று அடுத்த தாளைத் திருப்பினான்.