மெல்ற கம்

எங்கள் வீட்டில் கம் என்றால் ஷூ ஒட்டுகிற பசைதான். அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அந்தப் பசையைத் தடவி அடிப்பாகம் ஒட்டுகிற வேலையில் இருந்தாள். அதன் நாற்றம் அவள் தலைமுடியிலேயே இருக்கும். ஊதினால் முட்டை வருகிற மிட்டாய்க்கும் கம் என்றுதான் பெயர் என்பதைப் பள்ளிக்கூடத்தில் தெரிந்துகொண்டேன். இரண்டும் ஒன்றுதான் என்று நானே முடிவு செய்தேன். ஒட்டுகிறதே, அப்புறம் என்ன?

மென்று முடித்ததெல்லாம் எங்கள் வகுப்பு பெஞ்சுகளின் அடியில் இருந்தது. ஒட்டியவர்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகள். சுரண்டியவர்கள் நாங்கள். டீச்சர் எங்கள் கையில்தான் உடைந்த ஸ்கேலைக் கொடுப்பார். ஏன் எங்களிடம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்டால் சண்டைதான் வரும். சுரண்டியதைக் குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து வெந்நீரில் போட்டுப் பிசைந்தேன். ஓட்டை பக்கெட்டை அடைத்தேன். ஆடிக்கொண்டிருந்த அலாரம் கடிகாரத்துக்குக் கால் வைத்தேன். “பரவால்லியே, இவளும் கம்பெனிக்குப் போலாம்” என்றார் அப்பா.

அடுத்தது அம்மாவின் செருப்பு. குதிகால் பக்கம் வாயைப் பிளந்திருந்தது. ஷூ ஒட்டுகிறவளின் செருப்பு பிய்ந்திருந்தது என்றால் கேட்பவர்களுக்குக் கதை மாதிரி இருக்கும். எங்கள் தெருவில் எல்லாப் பெண்களின் செருப்பும் அப்படித்தான். கம் உருண்டையை அடுப்பருகே வைத்து இளக்கி, உள்ளே தடவி, அம்மிக்கல்லை மேலே ஏற்றி வைத்தேன். காலையில் அம்மா போட்டு நடந்து பார்த்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினாள்.

சாயங்காலம் வேலை விட்டதும் பெண்களை கேட்டில் வரிசையாக நிறுத்திச் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். தோல் துண்டையும் பசையையும் திருடிக்கொண்டு போய்விடுவார்களாம். அன்று நடந்ததை, அதே கம்பெனியில் வேலை செய்த பெரியம்மா வந்து சொன்னாள்.

“இன்னாம்மா, செருப்பு புதுசா ஒட்டினாப்ல இருக்கு?” என்று வாட்ச்மேன் கேட்டிருக்கிறான்.

“எம் பொண்ணு கம் போட்டு ஒட்டுச்சிண்ணா.”

“கம் ஊட்டுக்கு எப்டி போச்சி?”

அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. “அந்த கம் இல்லண்ணா. இது மெல்ற கம்.”

“மெல்ற கம்மா? எங்க, மென்னு காட்டு.”

சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்கள். திருட்டு என்று அவர் சொல்லிவிட்டால் அன்றோடு வேலை போச்சு. அப்பா வேலை பார்த்த, தோல் பதனிடுகிற டேனரியை மூடிவிட்டதால் அம்மா சம்பளத்தில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. அம்மா செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நின்றாள். பஸ்ஸுக்குப் போக வேண்டிய பெண்கள் எல்லாரும் பின்னால் நின்றார்கள். சூப்பர்வைசர் முகர்ந்து பார்த்தார். பிறகு அவரும் வாட்ச்மேனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். நூல் நூலாக வந்ததாம். “நம்ம கம் இப்டி நூல் வராது. போம்மா” என்று கீழே போட்டார். அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் அந்த கேட்டில் கிடையாது.

பெரியம்மா வாட்ச்மேனைத் திட்டித் தீர்த்தாள். அம்மா “விடுக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.

நான் அதில் ஒரே ஒரு இடத்தைத்தான் பிடித்துக்கொண்டேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். தெருவில் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடமே சொன்னேன், நான் ஒட்டினதைப் பிய்க்க ரெண்டு ஆம்பளைங்க வேண்டியிருந்தது இல்லம்மா, என்று.

“ஆமாண்டி” என்றாள் அம்மா.