சொந்தக்காரர் இல்லாத சரித்திரம்

வினாப்போட்டி நடத்துகிறவனுடைய தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: எல்லா விடையும் தெரிந்த ஒரே ஆள் அவன்தான், எல்லோரிடமும் திட்டு வாங்குகிறவனும் அவன்தான். பள்ளிக்கூட ஆண்டுவிழாவோ வாசகசாலை விழாவோ எதையாவது தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டவர்களே, உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. சம்பளமில்லாத வாசகசாலைக் காரியதரிசியாக நாகர்கோவிலில் நான் பட்டதைக் கேட்டால் உங்கள் மனசுக்கு ஆறுதலாக இருக்கும்.

விஷயம் கிடைத்த கதை

முதல் வருசம் நாஞ்சில் நாட்டுச் சரித்திரத்தில் போட்டி வைத்தோம். "முன்காலத்தில் எந்தத் தெருவில் யார் நடக்கக்கூடாது?" என்று ஒரு கேள்வி. பையன்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சபையில் இரண்டு கிழவர்கள் எழுந்துவிட்டார்கள். ஒருவர் அந்தத் தெருவில் நடந்தவர். மற்றவர் அவரை மறித்தவர். பழைய சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். அதில் ஒடிந்த நாற்காலிகள் மண்டபத்துக்குச் சொந்தம். மண்டபமோ, ஊரில் 'மண்டபத்துப் பிள்ளை' என்று சொல்வார்களே, அவருக்குச் சொந்தம். எங்கள் வாசகசாலை இருந்ததும் அவர் கட்டடத்தில்தான்.

மறு வருசம் அனுமதி கேட்டுப் போனபோது, பிள்ளை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து பேசினார். மண்டபம் தருவார், கோப்பையும் தருவார். ஆனால் உள்ளூர் விவகாரம் ஒரு வார்த்தை வந்தாலும், மறுநாள் காலையில் வாசகசாலைப் புத்தகமெல்லாம் ரோட்டில் கிடக்கும். "நமக்குச் சொந்தக்காரன் ஒருத்தன்கூட இல்லாத சரித்திரமாப் பாத்து எடுடே!"

கேள்வி நீண்ட கதை

அப்படித்தான் அமெரிக்காவிலுள்ள கறுப்பு மக்களின் சரித்திரத்தை எடுத்தோம். கல்லூரியில் படித்த நண்பன் இரண்டு ஆங்கிலப் புத்தகங்கள் கொண்டுவந்தான். நான் படித்துத் தமிழில் கேள்வி எழுதவேண்டும். அங்கேதான் வம்பு. என் வீட்டுப் பெரியவர்கள் கதை சொல்லியே என்னை வளர்த்தவர்கள். "பொறவு?" என்பதைத் தவிர வேறு கேள்வி எனக்குத் தெரியாது.

ஓர் அடிமை தன்னை ஒரு பெட்டிக்குள் வைத்து ஆணியடிக்கச் சொல்லி, சரக்கோடு சரக்காக, அடிமைத்தனம் இல்லாத ஊருக்குப் போய்ச் சேர்ந்தானாம். 'இந்தப் பக்கம் மேலே' என்று பெட்டியில் எழுதியிருந்தும், சுமந்தவர்கள் அவனைத் தலைகீழாக வைத்துவிட்டார்களாம். இதைக் கேள்வியாக எழுதத் தொடங்கினேன். பெட்டி வண்டியேறி, படகேறி, மறுபடி வண்டியேறுவதற்குள் மூன்று பக்கம் ஆகிவிட்டது. நடுவராக வர ஒப்புக்கொண்ட தலைமையாசிரியர் பொறுமையாக வாசித்து முடித்தார். கண்ணைத் துடைத்ததுபோலக்கூட இருந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நீ கேட்டு முடிக்கதுக்குள்ள பய சிக்ஸ்த் பாரம் பாசாயிருவான்."

குரல்

கேள்வி கேட்க யாரும் முன்வராததால் அதுவும் என் தலையில் விழுந்தது. எனக்கு இயற்கையாகவே தாழ்ந்த குரல். சாப்பாட்டுக்கடையில் இரண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கியவனில்லை. அதனால் மைக் செட் ஏற்பாடு செய்தோம்.

விழாவன்று காலையில் சோதனை. நான் மைக்கின் முன் நின்று, "வணக்கம், வணக்கம்" என்றேன். வெளியே மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயில் காக்கை அசையாமல் உட்கார்ந்திருந்தது. மைக் செட்காரர் கம்பியை அசைத்தார், பெட்டியைத் தட்டினார், என்னை நகர்த்திவிட்டுத் தானே ஒரு தடவை இருமினார். காக்கை பறந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம்தான் இருந்தது. "மைக்குல ஒரு கோளாறும் இல்ல தம்பி. உள்ள ஏதாவது போனாத்தானே அது வெளிய விடும்?"

மணி

விடை தெரிந்த அணி மணியடிக்கவேண்டும். மூன்று அணிக்கும் ஒரே மாதிரி மணி கிடைக்கவில்லை. நாகர்கோவில் பையன்களுக்குப் பூசை மணி, புதுக்கடை அணிக்குச் சைக்கிள் மணி. தோவாளைப் பையன்கள் பூக்கூடைகளோடு மாட்டுவண்டியில் வந்திருந்தார்கள். அந்தக் காளையின் கழுத்திலிருந்தே ஒரு மணியைக் கழற்றி அவர்களிடம் கொடுத்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தோவாளைப் பையன்கள் தாராளமானவர்கள். விடை தெரிந்தாலும் அடித்தார்கள், தெரியாவிட்டாலும் அடித்தார்கள். நாலாவது கேள்வியில் வெளியே ஒரே கூச்சல். வண்டிக்காரர் தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி மண்டபத்துக்குள் ஓடிவந்தார். "மக்களே, தெரிஞ்சா மட்டும் அடியுங்க! எனக்க காளை ரெண்டும் இதோட ரெண்டு மட்டம் ஊருக்குப் பொறப்பட்டாச்சு!"

தண்ணீர்

அன்றைக்கு முதல் கேள்வி கேட்டது நானல்ல, பிள்ளையின் காரியஸ்தர் நல்லபெருமாள். மண்டபத்து மூலையில் இரண்டு மண்பானை வைத்திருந்தார். இரண்டும் ஒரே சூளையில் வெந்தவை, ஒரே அளவு. ஒன்றின் மேல் பித்தளைத் தம்ளர், மற்றதன் மேல் தேங்காய்ச் சிரட்டை. தண்ணீர் கேட்டு வந்த பிள்ளைகளிடம், "எந்தத் தெரு மக்களே?" என்று கேட்டுக் கேட்டு ஊற்றினார். புதுக்கடை அணியில் இரண்டு பையன்களுக்குத் தம்ளர். மூன்றாவது ஆள் செல்லம்மை என்ற பெண்ணுக்குச் சிரட்டை. நான் போய், "ஒரே பானை போதாதா?" என்றேன். என் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே! அவர், "என்ன, சீனி வேணுமா?" என்று கேட்டார்.

கடைசியில் நாகர்கோவிலும் புதுக்கடையும் சமமாக நின்றன. ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. மரியாதைக்காகப் பிள்ளையையே சீட்டு எடுக்கச் சொன்னோம். அவர் டப்பாவைக் குலுக்கி எடுத்துக் கொடுத்ததைப் பிரித்தேன். அப்படியே திரும்ப மடித்தேன். பேசாமல் வேறு சீட்டு எடுக்கலாமென்றால் நடுவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முனகினேன். "சத்தமா!" என்றார் மைக் செட்காரர். வாசித்தேன்: "அமெரிக்காவின் தெற்குப் பகுதியில், பொது இடங்களில் கறுப்பு மக்கள் தண்ணீர் குடிக்க என்ன ஏற்பாடு?"

சைக்கிள் மணி கிணுகிணுத்தது. செல்லம்மை எழுந்து, "ரெண்டு குழாய் சார்" என்றாள். "வெளக்கமாச் சொல்லணும் பிள்ளே" என்றார் நடுவர். அவள் மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், பிறகு முகம் தெளிந்து மூலையைக் கைகாட்டினாள். "அன்னா வச்சிருக்குல்லா சார், அதுபோலத்தான்."

நன்றியுரைக்கு முன்

நடுவர் என்னைப் பார்த்தார். பிள்ளையும் என்னைப் பார்த்தார். வாசகசாலைப் புத்தகங்கள் ஒவ்வொன்றாக ரோட்டில் விழுவது எனக்குக் கண்ணில் தெரிந்தது. "சரியான விடை" என்றேன். பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்திருந்த சத்தமெல்லாம் அந்த இரண்டு வார்த்தையில் வந்துவிட்டது போலிருக்கிறது. பஸ் ஸ்டாண்டு வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

பிள்ளை திரும்பாமலே, "நல்லபெருமாளே, அதைத் தூக்கி உள்ள வை" என்றார். "எதை எசமான்?" பிள்ளை கொஞ்சம் யோசித்தார். "ரெண்டையும்." தம்ளரும் சிரட்டையும் கீழே உருள, இரண்டு பானையும் இருட்டறைக்குள் போயின.

கோப்பையைச் செல்லம்மை கையில் கொடுத்துவிட்டு, பிள்ளை மைக்கின் முன் நின்று பேசத் தொடங்கினார். இரண்டு வாக்கியம் போவதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் என்று சைகை காட்டினார். உள்ளே ஓடிய நல்லபெருமாள் வெறுங்கையோடு திரும்பிவந்து அவர் காதில் குசுகுசுத்தார். மைக் இருந்ததும் அந்தக் காதுக்குப் பக்கத்தில்தான். "எசமான், ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு. எது நம்மளுதுன்னு தெரியல்ல" என்பது மரத்துக் குழாய் வழியாக ஊர் முழுக்கப் போயிற்று. முதலில் சிரித்தது தோவாளை வண்டிக்காரர். பிறகு மண்டபமே சிரித்தது. பிள்ளை இருமி முடித்து, சிவந்த கண்ணோடு எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார், செல்லம்மையையும் பார்த்தார். "ஏதாவது ஒண்ணுல கோரிக் கொண்டாடே, தொண்டை காயுதுல்லா!"

வாசகசாலை அந்தக் கட்டடத்திலேயேதான் இருந்தது. சொந்தக்காரர் யாருமில்லாத விஷயம் வேண்டுமென்று மறு வருசம் தாவர சாஸ்திரத்தில் போட்டி வைத்தோம், தென்னையைப் பற்றி முதல் கேள்வி கேட்டதுமே மூன்றாவது வரிசையில் வரப்புத் தகராறு தொடங்கிவிட்டது.