மாமன் மடிக்கு வைத்திருந்த முடி

சீப்புப் பல் ஒடிகிற சத்தத்தைக் காதுக்குப் பக்கத்தில் கேட்டிருக்கிறீர்களா? பட்டென்று ஒரு சின்னச் சத்தம்தான், ஆனால் அதற்கு முன்னால் ஓர் இழுப்பு வருமே, அது பிடரியில் தொடங்கிக் கண்ணோரம் வரைக்கும் தோலைப் பிய்த்துக்கொண்டு வரும், கண்ணில் தண்ணீர் தானாகக் கொட்டும், விளக்கெண்ணெய் வாடை மூக்கில் ஏற, அம்மாவின் முழங்கால் இரண்டும் என் தோளை இறுக்கிப் பிடித்திருக்கும். சூலூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில், எட்டு வயது வரைக்கும் எனக்கு ஒவ்வொரு நாளும் இப்படித்தான் விடிந்தது. சின்ன வயது என்றதும் உருகுகிறவர்கள் உருகட்டும், எனக்கு முதலில் ஞாபகம் வருவது தலைச் "சிக்கு"தான்.

வீட்டை ஒட்டியே தறிக்குடோன். நாலு விசைத்தறி, அவற்றை ஓட்டியது அப்பாவும் அம்மாவும். தறி ஓடினால் பஞ்சு பறக்கும். சோற்றில் விழும், பாயில் விழும், எண்ணெய் வைத்த என் தலையில் விழுந்துவிட்டால் மட்டும் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. முடியும் பஞ்சும் எண்ணெயும் ஒன்றாகத் திரித்துக்கொண்டு பிடரியில் எலுமிச்சங்காய் அளவுக்கு உருண்டு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை வடிகஞ்சியில் அரப்பைக் கரைத்துத் தேய்த்து அலசினால் சிக்கு பாதி அவிழும், மீதியில் அரப்புத்தூள் போய் உட்கார்ந்துகொள்ளும். அம்மா ஏழு மணிக்குத் தறியில் நின்றாக வேண்டும், அதற்குள் சோறாக்கி, டப்பா கட்டி, இந்தத் தலையையும் சீவியாக வேண்டும். பொறுமைக்கு அவள் எங்கே போவாள்? "ஆடாத உக்காரு" என்று சீப்பின் முதுகாலேயே மண்டையில் ஒன்று போடுவாள்.

வெட்டித் தொலைத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். எங்கள் குடும்பத்தில் பிள்ளையின் பிறந்த முடி குலதெய்வத்துக்கு உரியது. முதல் மொட்டையை அந்தக் கோயிலில்தான் அடிக்க வேண்டும், அதுவரைக்கும் தலையில் கத்தரி படக் கூடாது, மொட்டை அடிக்கும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு வயதிலோ மூன்று வயதிலோ இது முடிந்துபோகும். எனக்கு முடியவில்லை, ஏனென்றால் என் மாமா எங்கள் வீட்டுப் பக்கமே வராமல் இருந்தார்.

மாமா அம்மாவுக்கு ஒரே அண்ணன், ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் வேலை. எனக்கு ஒரு வயது ஆவதற்கு முன் அப்பா இந்தத் தறிக்குடோனைக் கட்டிப் பால் காய்ச்சினார். அப்படிப்பட்ட விசேஷத்துக்கு மச்சானை நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். அப்பா என்ன செய்தார் தெரியுமா, ஈரோட்டுக்கு நூல் எடுக்கப் போன வண்டிக்காரரிடம் பத்திரிகையைக் கொடுத்தனுப்பிவிட்டார். நம் மச்சான்தானே, வந்துவிடுவார் என்ற எண்ணம். மாமா வரவில்லை. அதே வண்டிக்காரரிடம் ஒரு சொல் மட்டும் திரும்பி வந்தது: "நேர்ல வந்து வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புடச் சொல்லுங்க, அன்னிக்கு வாரேன்." அப்பா போகவில்லை. அவர் வராவிட்டால் என் தறி ஓடாதா என்றார். தறி ஓடத்தான் செய்தது, ஆனால் அந்த இரண்டு ஆம்பிளைகளின் வீம்பும் ஏழு வருஷம் என் தலையில் வளர்ந்தது, அதைத் தினமும் சீவ வேண்டியிருந்தவள் அம்மா ஒருத்திதான்.

அப்பா அவ்வப்போது ஒரு யோசனை சொல்வார். கூட்டாளி ஒருவர் மாமன் முறைதான் ஆகிறார், அவர் மடியில் வைத்து அடித்துப்போடலாம் என்பார். அம்மா மற்ற எதற்கும் எதிர்த்துப் பேசாதவள், இதற்கு மட்டும் கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வாள்: "ஏனுங்க, என்ற பொறந்தவரு உசிரோட இருக்கறப்ப ஊரான் மடி எதுக்குங்க?" எனக்கு ஆத்திரமாக வரும். என் வலி இவளுக்குத் தெரியவில்லையே, அண்ணன் அண்ணன் என்று என்னைப் போட்டு வதைக்கிறாளே என்று நினைப்பேன். அந்த முடி என் தலையில் இருக்கிற வரைக்கும் மாமா என்றைக்காவது வந்துதான் ஆக வேண்டும், அவர் வருவதற்கு இந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே காரியம் அதுதான் என்பது ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்.

மூன்றாம் வகுப்பில் டீச்சர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். என் பெஞ்சில் யாரும் உட்கார மாட்டேன் என்கிறார்கள், பேன் ஓடுகிறது, தலையைச் சரிசெய்துவிட்டு வரச் சொல்லுங்கள் என்று ஒரு சீட்டு. ஆண்பிள்ளைகள் என்னைச் "சடைச்சாமி" என்று கூப்பிட்டது சீட்டில் இல்லை. அப்பா பாவு நூல் வாங்கத் திருப்பூர் போயிருந்தார். அம்மா இரண்டு தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். தேங்காயெண்ணெய் ஒரு கிண்ணம் ஊற்றினாள், பேன்சீப்பு போட்டாள், ஊசியை விட்டு ஒவ்வொரு மயிராகப் பிரித்தாள். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மத்தியானம் வரைக்கும் மல்லுக்கட்டியும் பிடரி உருண்டை அசையவில்லை. அம்மா எழுந்து போய், தறியில் நூல் வெட்டுகிற கத்தரியை எடுத்துவந்து, சாமி இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அந்த உருண்டையை மட்டும் வெட்டி எடுத்தாள்.

அதை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து டிரங்குப் பெட்டிக்குள் சேலைக்கு அடியில் வைத்தாள். பிறகு என் முகத்தைத் துடைத்துவிட்டு, என்றைக்கும் இல்லாத மெதுவான குரலில் சொன்னாள்: "ஆருகிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு. மாமன் வந்தாருன்னா இதையுஞ் சேத்துக் கோயிலுக்குக் குடுத்துப்போடலாம்."

நான் சொல்லிவிட்டேன்.

பத்து நாள் கழித்து அப்பாவின் அக்கா, என் அத்தை, ஊரிலிருந்து வந்திருந்தார். பேன் பார்க்கிறேன் என்று என்னை இழுத்து உட்காரவைத்தவர் பிடரியைத் தடவி, "இங்க என்ன அம்மணி, கட்டையா நிக்குது?" என்றார். தெரியாமல் சொல்லிவிட்டேன், சின்னப் பிள்ளைதானே என்று இத்தனை வருஷமாக நானே எனக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன், எடுபடவில்லை. எனக்குத் தெரியும். கத்தரி பட்டது வெளியே வந்தால் மிச்ச முடியையும் எடுத்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். அன்று காலையில் அம்மா சீப்பால் போட்ட இடம் அப்போதும் வலித்துக்கொண்டிருந்தது.

அப்பா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே, "கத்திரி பட்டுப்போச்சில்ல, இனி எவன் மடியா இருந்தா என்ன?" என்றார். அம்மா அவர் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், வெட்டியது அவள்தானே. அடுத்த வாரமே கோயிலுக்குப் போனோம். அப்பாவின் கூட்டாளி மடியில் என்னை உட்காரவைத்தார்கள். அவர் வேட்டியில் புகையிலை வாடை. கத்தி வழுக்கிக்கொண்டு போகப் போகத் தலை குளிர்ந்தது, காற்று பட்டது, நான் சிரித்தேன், வாய்விட்டுச் சிரித்தேன். அம்மா சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். மஞ்சள் துணி முடிச்சை அவள் கொண்டுவரவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

சேதி மாமாவுக்குப் போய்ச் சேர ஒரு வாரம்கூட ஆகவில்லை. தன் மடி வேண்டாம் என்றவர்களுக்குத் தன் வாசலும் வேண்டாம் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாராம். அதோடு சரி. நான் பெரியவளானபோது மாமன் சீர் வரவில்லை, என் கல்யாணத்துக்கும் வரவில்லை. அப்பா செத்த அன்று, தாலி அறுப்பதற்கு முன்னால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வர வேண்டும் என்று பெண்களெல்லாம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈரோட்டிலிருந்து யாரும் வரவில்லை. கடைசியில் அத்தையே ஆளனுப்பிக் கடையில் ஒரு சேலை வாங்கிவரச் செய்தார், அம்மா அதை வாங்கிப் போர்த்திக்கொண்டாள். மூன்று வருஷம் முன்னால் மாமா செத்துப்போன தகவலும் எடுத்து முடித்த மறுநாள்தான் எங்களுக்குக் கிடைத்தது. இத்தனைக்கும் அம்மா என்னை ஒரு சொல் கேட்டதில்லை. ஏன்டி சொன்னாய் என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

இப்போது அம்மா கோயமுத்தூரில் என்னோடு இருக்கிறாள். தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று, குடோனில் யாரோ டைல்ஸ் அடுக்கி வைத்திருக்கிறார்கள். வீட்டைக் காலி செய்தபோது டிரங்குப் பெட்டியில் அந்த மஞ்சள் முடிச்சு அப்படியே இருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன், முடி செம்பட்டையாகிப்போயிருந்தது, தறிப் பஞ்சு மட்டும் இன்னும் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அம்மா என் கையிலிருந்து வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

என் மகளுக்கும் ஏழு வயது, என்னைப் போலவே சுருட்டை முடி. சிக்கு விழுந்தால் ஒரு பாட்டிலை எடுத்து ஸ்ஸென்று அடித்துச் சீப்பை விட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஒரு பல் ஒடிவதில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அதற்கும் அவள் சிணுங்க, பேசாமல் பார்லருக்குப் போய்க் கழுத்தோடு வெட்டிவிட்டு வந்துவிடலாமா என்று யாரைக் கேட்கிறோம் என்றில்லாமல் கேட்டுவைத்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா தலையைத் தூக்கினாள்.

"வெட்டிப்போடு கண்ணு," என்றாள். "இனி ஆரு வரப்போறாங்கன்னு வெச்சிருக்கோணும்?"

அன்று சாயங்காலமே கூட்டிப்போய் வெட்டிவிட்டேன். அவளுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.